முதல் நேர்காணலுக்குக் கேள்விகளை எழுதிக்கொண்டு போனால் போதுமா?

போதாது. ஆனால் எழுதிக்கொண்டு போங்கள், தப்பில்லை. ஊடகக் கற்கை முதல் வருடம், அடுத்த வாரம் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு விவசாயியிடம் பேசப் போகிறேன், பயமாக இருக்கிறது, ரெக்கோடர் வைக்கலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மட்டக்களப்பு டவுனிலோ கல்லடியிலோ வளர்ந்த பிள்ளை என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் 2012 மாரிப் போகம்தான் நினைவுக்கு வந்தது.

அப்போது டிப்ளோமா படித்துக்கொண்டே ஒரு பத்திரிகைக்கு மட்டக்களப்பிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அறுவடைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது வாவிக்கு மேற்கே, நீங்கள் போகப்போகிற கொக்கட்டிச்சோலை இருக்கிற படுவான்கரையில், ஒரு வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) யானை இறங்கிவிட்டது என்று தகவல் வந்தது. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். பாதை என்றால் ரோடு இல்லை, வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

போனால், வாடிக்கு (வயல் குடிலுக்கு) முன்னால் ஒரு ஐயா குந்தியிருந்தார். இரவு முழுக்கப் பரணில் இருந்து யானை வெடி போட்டுக் களைத்த முகம். நான் கொப்பியைத் திறந்து முதல் கேள்வியைக் கேட்டேன்: "இந்தச் சம்பவத்தால் உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?" அவர் என்னைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கேள்வி, மூன்றாவது கேள்வி, அதே மௌனம். கடைசியில் "எத்தனை மணிக்கு ஐயா யானை வந்தது?" என்று கேட்டேன். அது என் கொப்பியில் இல்லாத கேள்வி. அதற்குத்தான் வாய் திறந்தார். நாய் குரைத்தது, மருமகன் பந்தம் கொளுத்தியது, கொம்பன் வரம்பை மிதித்து உடைத்தது என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே போனார். மனநிலை எப்படி என்று நான் பிறகு கேட்கவே தேவைப்படவில்லை.

எவ்வளவு அழிந்தது என்று கேட்டபோது, "மூணு அவணம் மனே" என்றார்.

அவணம் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கேட்க வெட்கமாக இருந்தது. பத்திரிகைக்காரன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் இதைக் கேட்டால் என்ன நினைப்பார் என்று யோசித்தேன். இரவு செய்தி எழுதும்போது "மூன்று ஏக்கர்" என்று போட்டு அனுப்பிவிட்டேன். விதைக்கிற நெல்லின் அளவை வைத்து நிலத்தைச் சொல்கிற கணக்கு அது, ஓர் அவணம் ஒரு ஏக்கரை விட எவ்வளவோ பெரியது.

பத்து நாள் கழித்து மருமகன் போன் எடுத்தார். நட்டஈட்டுப் படிவம் கொடுக்கப் போன இடத்தில், "பேப்பரில மூணு ஏக்கர் எண்டு கிடக்கு, நீங்க கூட்டிச் சொல்றீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கோபமாகப் பேசவில்லை, "தம்பி, அதை ஒருக்கா மாத்தித் தரலாமா?" என்றுதான் கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அளவு தெரியாதவன் ஏன் செய்தி எழுதப் போனான் என்று இங்கே யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிழக்கில் போர் நடந்த 2007 வரை அக்கரைக்குப் போவது என்றால் சோதனைச்சாவடி தாண்டிப் போவது. டவுன் பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள். வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சனம் என்ன சொல்லால் பேசுகிறது என்பதே என் வயதுக்காரர் பலருக்குத் தெரியாமல் போனது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. தெரியாததைக் கேட்காமல் விட்டது என் பிழைதான்.

பத்திரிகைக்கு அறிவித்தேன். சின்ன விஷயம், திருத்தம் போட இடமில்லை என்றார்கள். இதைச் சொல்லாமல் போக முடியவில்லை: பிராந்திய நிருபர் அனுப்புவது எல்லாமே அவர்களுக்குச் சின்ன விஷயம். வந்த செய்திக்கு மட்டும் காசு, அதுவும் மாதக்கணக்கில் பிந்தி. பெட்ரோல் நம்முடையது, போன் காசு நம்முடையது, நியமனக் கடிதம் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. இதே டவுனில்தான் 2004 மே 31 அன்று பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் வேலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட ஊரிலிருந்து எழுதுகிறவனுக்கு ஓர் அட்டை கொடுக்க என்ன செலவு? நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறு திரும்பப் பாதை ஏறினேன். பிழை என்னுடையது என்று கையெழுத்து வைத்து ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐயா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வா மனே" என்று வயலுக்குள் கூட்டிப் போனார். வரம்பு வரம்பாக நடத்தி, இதிலிருந்து இதுவரை ஓர் அவணம், மறுகா இதுவரை ரெண்டு என்று காட்டினார். கடிதம் மட்டும் போதவில்லை. ஜீ.எஸ் (கிராம சேவகர்) வந்து பார்த்து எழுதிக் கொடுத்த பிறகே படிவத்தை எடுத்தார்கள். அதற்கு ஒன்றரை மாதம் போனது. விதைப்புக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிய ஒன்றரை மாதம்.

அதனால் கொப்பியில் கேள்விகளுக்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாக விடுங்கள். அவர் சொல்லி உங்களுக்கு விளங்காத சொல் எல்லாம் அதில் விழ வேண்டும். எழும்புவதற்கு முன் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள், வயல்காரர்கள் இதைச் சொல்லித்தர விருப்பப்படுவார்கள். அளவு, பெயர், ஊர் மூன்றையும் திரும்ப வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

ரெக்கோடர் வையுங்கள், ஆனால் கேட்டுவிட்டு, அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். வேண்டாம் என்றால் அணைத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள். வயலில் காற்று அதிகம், எப்படியும் பாதி கேட்காது.