படிக்க ஓர் இடம்

கேள்வி: இரண்டு அறை வீட்டில் ஆறு பேர். மகள் உயர்தரப் பரீட்சை எடுக்கிறாள். நூலகத்தில் புத்தகம் எடுப்பதைத் தவிர வேறென்ன பயன்?
(ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: தங்கச்சி, அவளுக்கு இப்போது புத்தகத்தைவிட ஒரு மேசைதான் தேவை. நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள். விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகே, 1925இல் தொடங்கிய கொழும்பு பொது நூலகத்தின் யன்னலோர மேசையில்தான் இரசாயனம் படித்துத் தேறினேன். "தேநீர் ஊற்று" என்று யாரும் கூப்பிடாத அந்த மூன்று மணித்தியாலம்! உங்களுக்குக் கிட்ட, 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும் உண்டு. ஈழத்துப் பழைய நூல்களை "நூலகம்" என்ற பெயருள்ள இணையத்தளத்தில் (noolaham.org) இலவசமாக வாசிக்கலாம். முதல்நாள் நீங்களும் கூடப் போங்கள். அங்கத்துவ விபரத்தை அங்கேயே கேளுங்கள்.