கேள்வி தொலைந்துபோன பதில்

கேள்வி: தீபாவளிக்குப் பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய பலகாரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். விக்கிரகங்களுக்குப் படைத்ததை உண்ணலாகாது என்று அப்போஸ்தலர் பவுல் எழுதியது எல்லாக் காலத்துக்கும் எல்லாருக்கும் உரியது. சென்ற இதழில் அதைக் ‘கொரிந்து ஊராருக்கு எழுதிய கடிதம்’ என்றீர்கள். வேதத்தைச் சாதாரணக் கடிதமாக்குவது தகுமா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நான் ஆக்கவில்லை, அது பிறந்ததே கடிதமாகத்தான். தொடக்கத்தில் அனுப்புகிறவர் பெயர், அடுத்து யாருக்கு, எந்த ஊருக்கு என்ற விவரம், கடைசியில் வாழ்த்துகள். கி.பி. 50களின் நடுவில், தாம் ஒன்றரை ஆண்டு தங்கிப் பழகிய கிரேக்க நகரமான கொரிந்துவின் கிறிஸ்தவச் சபைக்கு எபேசு நகரிலிருந்து பவுல் எழுதியது. முதல் அதிகாரத்தையே பாருங்கள். கிறிஸ்பு, காயு இருவரைத் தவிர உங்களில் யாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்கிறார். உடனே நினைவு வந்து, ஸ்தேவான் வீட்டாருக்கும் கொடுத்தேன், வேறு யாருக்காவது கொடுத்தேனோ தெரியாது என்று சேர்த்துக்கொள்கிறார். பின்னால் வரும் நூற்றாண்டுகளை மனத்தில் வைத்து எழுதுகிறவர் இந்த வரிகளைத் திருத்தியிருப்பார். தம்மை நன்கு அறிந்தவர்களோடு பேசுகிறவர் அப்படியே விட்டுவிடுவார்.

ஏழாம் அதிகாரம் இன்னும் முக்கியமானது. ‘நீங்கள் எழுதிக் கேட்டவற்றைப் பற்றி’ என்று தொடங்குகிறார். கொரிந்து சபையார் கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். திருமணம், படைத்த உணவு, ஆவியின் வரங்கள், எருசலேமுக்கான தருமப் பணம் என ஒவ்வொன்றாகப் பதில் வருகிறது. அவர்களுடைய கடிதம் நமக்குக் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே பவுல் அவர்களுக்கு எழுதிய ஒரு கடிதமும் கிடைக்கவில்லை; ஐந்தாம் அதிகாரத்தில் அவரே அதைக் குறிப்பிடுகிறார். கேள்வி-பதில் எழுதுகிறவன் என்ற முறையில் இது என்னை உறுத்துகிறது. இந்தப் பக்கத்தில் உங்கள் கேள்வியை நீக்கிவிட்டு என் பதிலை மட்டும் அச்சிட்டால், தீபாவளிப் பலகாரத்துக்கும் ஸ்தேவான் வீட்டாருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் திகைப்பார். கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தை நாம் படிப்பது அந்த நிலையில்தான். அன்றைய கிரேக்கப் பிரதிகளில் மேற்கோள் குறியும் கிடையாது. ‘நம் எல்லாருக்கும் அறிவுண்டு’ என்பது போன்ற சில வரிகள், கொரிந்தியர் எழுதியதைப் பவுல் எடுத்துச் சொல்லி மறுப்பவை என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

இனி அந்த ஊர். கி.மு. 146இல் ரோமர் அழித்து, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மீண்டும் குடியேற்றிய துறைமுக நகரம் அது. பலியிட்ட இறைச்சியில் ஒரு பங்கு சந்தைக்கு வந்தது. கோயில் வளாகத்திலேயே விருந்துக் கூடங்கள் இருந்தன. தெமேத்தர் என்ற கிரேக்கப் பெண்தெய்வத்தின் கோயிலில் அகழ்ந்தபோது அத்தகைய அறைகள் பல வெளிப்பட்டன. நண்பன் கோயிலில் விருந்து வைத்து அழைத்தால் போகலாமா? கடையில் இறைச்சி வாங்கலாமா? கேட்டவர்களுக்கு இவை நாள்தோறும் எதிர்ப்பட்ட சிக்கல்கள்.

பவுலின் பதில் ஒற்றை வரித் தடை அன்று. கோயில் பந்தியில் உட்காராதே என்பதில் கடுமையாக இருக்கிறார். கடையில் விற்பதை, எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் வாங்கி உண் என்கிறார். நம்பாதவர் ஒருவர் விருந்துக்கு அழைத்து, உனக்கும் போக மனமிருந்தால், முன்னால் வைப்பதை விசாரிக்காமல் உண் என்கிறார். இது படைத்தது என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால் மட்டும் விட்டுவிடு. அதுவும் உன் மனச்சாட்சிக்காக அன்று, சொன்னவரின் மனச்சாட்சிக்காக என்கிறார். எட்டாம் அதிகாரம் முழுவதிலும் அவருடைய கவலை தட்டில் உள்ளதைப் பற்றியதைவிட, பக்கத்தில் இருக்கும், மனச்சாட்சியில் பலவீனமான சகோதரன் இடறிவிடக் கூடாதே என்பதைப் பற்றியது.

இதே பொருளில் பெர்கமு, தியத்தீரா சபைகளுக்குச் சொல்லும்போது வேதத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் இத்தகைய இடம் எதுவும் கொடுக்காமல் கண்டிக்கிறது. முகவரியை அழித்துவிட்டுப் படித்தால் இரண்டும் மோதுவதாகத் தோன்றும். முகவரியோடு படித்தால் வேறு வேறு சபைகளின் வேறு வேறு நெருக்கடிகள் தெரியும்.

அப்படியானால் நமக்கு அதில் ஒன்றும் இல்லையா என்று சினந்து கேட்பீர்கள். இருக்கிறது. கொலோசெ ஊராருக்கு எழுதிய நிருபத்தை, அதாவது கடிதத்தை, லவோதிக்கேயா ஊர்ச் சபையிலும் வாசிக்கச் சொல்லும் குறிப்பு அந்த நிருபத்திலேயே உள்ளது. சபைகள் கடிதங்களைப் பகிர்ந்துகொண்டன, படியெடுத்தன, ஏறத்தாழ கி.பி. 200ஐச் சேர்ந்த பாப்பிரஸ் பிரதி ஒன்றில் பவுலின் நிருபங்கள் தொகுப்பாகவே கிடைத்திருக்கின்றன. பிறர் முகவரிக்கு வந்த கடிதம் தங்களோடும் பேசுகிறது என்று உணர்ந்தவர்கள்தாம் அதை வேதமாக்கினார்கள். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். ஆனால் அது முதலில் யாரோடு பேசியது என்று கேட்காமல், நடுவிலிருந்து ஒரு வரியைக் கிள்ளியெடுத்து அண்டை வீட்டார் முகத்தில் எறிவது வாசிப்பு ஆகாது.

உங்கள் வீட்டுக்கு அழைப்பு வரவில்லை, கோயில் பந்தி வரவில்லை, படைத்தது என்று யாரும் சொன்னதாகவும் நீங்கள் எழுதவில்லை. வந்தது ஒரு தட்டு முறுக்கும் அதிரசமுமாக இருந்திருக்கும். கிறிஸ்துமஸ் வருகிறது. இம்முறை பிள்ளைகள் கையில் கேக்கைக் கொடுத்து அனுப்பாமல், நீங்களே எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள்.