‘சிங்கப்பூரின் முதல்’ என்று எழுதும் முன்: சான்று தேடுதல் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் தமிழ் விரிவுரையாளராகப் பணியாற்றுகிறேன். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் முறையை விரிவாக விளக்கிக் கையேடும் கொடுக்கிறேன். ஆயினும் கட்டுரைகள் வந்து சேரும்போது துணைநூற்பட்டியலில் இணைய முகவரிகள்தாம் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பலவற்றை மாணவர்கள் திறந்து படித்ததாகவே தெரியவில்லை. இதை எப்படிச் சரிசெய்வது?
– விரிவுரையாளர், செங்காங்

பதில்: தங்கள் விளக்கத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மாற வேண்டியது வரிசைதான். ஏபிஏ முறையின் ஏழாம் பதிப்பு 2019இல் வந்தது. காற்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்று அது வகுத்திருக்கும் விதிகள், ஒரு சான்றைத் தேடிக் கண்டவருக்கே பொருள்படும். தேடாத மாணவருக்கு அவை நிறுத்தற்குறிப் பயிற்சியாக மட்டுமே தெரிகின்றன. ஆகவே முதல் வகுப்பில் விதி எதையும் சொல்லாமல், “சிங்கப்பூரின் முதல் தமிழ்ச் செய்தித்தாள் சிங்கை நேசன்” என்ற ஒரே வாக்கியத்தைப் பலகையில் எழுதி, இதை எந்தச் சான்றின் துணையோடு கட்டுரையில் எழுதலாம் என்று கேட்டுப் பாருங்கள்.

சில நிமிடங்களில் எல்லாருடைய கைப்பேசியிலும் விடை இருக்கும். அந்த விடையை அந்தப் பக்கம் எங்கிருந்து பெற்றது என்று அடுத்துக் கேளுங்கள். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. சிங்கை நேசன் 1887 முதல் 1890 வரை மகுதூம் சாயபுவை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த வார இதழ். அதன் பக்கங்களைத் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ தளத்தில் படமாகவே பார்க்கலாம். மாணவர்கள் ஓர் இதழைத் திறந்து, முகப்பில் அச்சாகியுள்ள நாளைத் தங்கள் கண்ணால் பார்க்கட்டும். இதழ் எப்போது வெளிவந்தது என்பதற்கு அந்தப் பக்கமே சான்று. ஆனால் ‘முதல்’ என்ற சொல்லுக்கு அந்தப் பக்கம் சான்றாகாது, ஏனெனில் தனக்கு முன் வேறெந்த இதழும் இருந்ததில்லை என்பதை ஓர் இதழ் தானே நிறுவ முடியாது. அதற்கு இதழியல் வரலாற்றை ஆராய்ந்தவர்களின் நூல்களுக்குச் செல்ல வேண்டும். சென்றால், 1875இலேயே ‘சிங்கை வர்த்தமானி’ என்றோர் இதழ் வெளிவந்ததாகக் குறிப்புகள் இருப்பது தெரியவரும். அப்போது பலகையில் உள்ள வாக்கியத்தை மாணவர்களே திருத்தி, “இன்று படிகள் கிடைக்கும் சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களுள் மிகப் பழையது” என்று எழுதுவார்கள். முதன்மைச் சான்று எது, துணைமைச் சான்று எது, எந்தச் சான்று எதுவரை தாங்கும் என்பதெல்லாம் தனி விரிவுரை இல்லாமலே அவர்களுக்குப் பிடிபட்டுவிடும். இந்தத் திருத்தத்தை மாணவர்கள் தாமாகச் செய்யும் வகுப்பை, மேற்கோள் விதிகளைப் பிழையின்றி ஒப்பிக்கும் வகுப்பைவிட நான் மிகவும் மதிக்கிறேன்.

இதற்குப் பிறகு, “நீங்கள் பார்த்த அதே பக்கத்தை முன்பின் தெரியாத ஒருவர் சென்று பார்க்க வேண்டுமானால் என்னென்ன விவரம் தருவீர்கள்?” என்று கேளுங்கள். இதழின் பெயர், நாள், பக்க எண், தளத்தின் பெயர் என்று அவர்களே அடுக்குவார்கள். அந்த அடுக்கை எல்லாரும் ஒரே ஒழுங்கில் எழுதுவதற்கான உடன்பாடுதான் ஏபிஏ என்று சொல்லி, கையேட்டை அப்போது கொடுங்கள். மூலத்தைக் காணாமல், வேறொருவர் நூலில் எடுத்தாண்டதை மட்டும் பார்த்தவர்கள், தாங்கள் பார்த்த நூலைத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும், மூலத்தை அதன்வழி அறிந்ததாகக் கட்டுரைக்குள் குறிப்பிட வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். காணாத நூலைக் கண்டதுபோல் பட்டியலிடும் பழக்கம் பட்டப்படிப்பில் தொடங்கி முனைவர் பட்ட ஆய்வேடு வரை தொடர்வதை வருத்தத்துடன் பார்த்துவருகிறேன்.

பழைய நாளிதழ்களைத் தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மங்கிய அச்சையும் பழைய எழுத்து வடிவங்களையும் கணினி பல இடங்களில் தவறாக வாசிக்கும். சொல்லைத் தட்டச்சு செய்து எதுவும் கிடைக்காவிட்டால், அச்செய்தி வெளிவரவே இல்லை என்று மாணவர் முடிவுகட்டிவிடக் கூடாது. நிகழ்ச்சி நடந்த நாள் தெரிந்தால், அதற்கு அடுத்த சில நாள்களின் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே நம்பகமான வழி. சில ஆண்டுகளின் இதழ்களை நூலகத்தில் உள்ள கணினிகளில் மட்டுமே திறக்க முடியும். அதற்காக ஒரு பிற்பகல் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்கு வகுப்பையே அழைத்துச் செல்லுங்கள். லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தின் நூலகர்களிடம் கேள்வி கேட்கப் பழகும் மாணவர், பிறகு எந்த நாட்டு நூலகத்திலும் தயங்கி நிற்க மாட்டார்.

மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டியலின் வடிவத்துக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியைத் தேடல் குறிப்பேட்டுக்கு மாற்றுங்கள். எந்தச் சொல்லைக் கொண்டு எங்கே தேடினார், எதை ஏன் ஒதுக்கினார் என்று மாணவர் எழுதிவைக்கட்டும். கட்டுரையைப் பெறும்போது அவருடைய பட்டியலிலிருந்து ஏதேனும் ஒன்றை நீங்கள் தெரிவுசெய்து, அதை அங்கேயே திறந்து, தாம் பயன்படுத்திய வரியைக் காட்டச் சொல்லுங்கள். இப்படி ஒரு சோதனை இருக்கிறது என்று தெரிந்தாலே படிக்காத முகவரிகள் பட்டியலிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிடும்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் தமிழ் முதன்மைப் பாடமாகப் பயில்கிறேன். நூலகப் பட்டியலில் தமிழ் எழுத்தாளர் பெயர்களைத் தேடினால் பல வேளைகளில் கிடைப்பதில்லை. மேற்கோளைத் தானாக அமைத்துத் தரும் மென்பொருள்களும் நம் பெயர்களைக் குழப்புகின்றன. என்ன செய்யலாம்?
– மாணவி, புக்கிட் பாத்தோக்

பதில்: முதலில் தமிழ் எழுத்திலேயே தேடுங்கள். கிடைக்காவிட்டால், பழைய பதிவுகள் ரோமன் எழுத்தில் மட்டும் இருக்கக்கூடும். உலக நூலகங்கள் பலவும் அமெரிக்க நூலகச் சங்கமும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகமும் வகுத்த எழுத்துப்பெயர்ப்பு முறையைப் பின்பற்றுகின்றன. அம்முறை ஒலியைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கிறது. சாரங்கபாணி என்ற பெயரை நாம் ‘எஸ்’ (S) எழுத்தில் தேடுவோம். அம்முறைப்படி அது ‘சி’ (C) எழுத்தில் தொடங்கும், நடுவில் ‘ஜி’ (G) வராமல் ‘கே’ (K) வரும். ழகரத்துக்கு அடிக்கோடிட்ட ‘எல்’ உண்டு. இந்த அட்டவணையை ஒருமுறை அச்சிட்டு மேசையில் வைத்துக்கொண்டால் சென்னையிலும் சிகாகோவிலும் உள்ள நூல்கள்கூட உங்கள் கைக்கு எட்டும். சென்னையில் 1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கான ‘நூலகம்’ தளம் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். இங்கு 2015இல் மின்மரபுத் திட்டத்தின்வழி மின்னாக்கம் பெற்ற சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் உள்ளன.

மென்பொருள், பெயரில் கடைசியாக நிற்கும் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்), ‘டி/ஓ’ (இன்னாரின் மகள்) என்று எழுதும் நம் சிங்கப்பூர் வழக்கில் கடைசியில் நிற்பது தந்தையின் பெயர். அப்படியே விட்டால் நூலை எழுதியவருக்குரிய மதிப்பு அவருடைய தந்தைக்குப் போய்ச் சேரும். மென்பொருளில் ஆசிரியர் பெயரை நீங்களே திருத்தி, அவருடைய சொந்தப் பெயரை முதலில் நிறுத்துங்கள். கோ. சாரங்கபாணி, “சாரங்கபாணி, கோ.” என்றாவதே சரி. திருக்குறள், சங்கப் பாடல்கள் போன்றவற்றுக்குப் பக்க எண்ணைவிடக் குறள் எண்ணும் பாடல் எண்ணுமே பயன் தரும், பதிப்பு எதுவாயினும் அவை பெரும்பாலும் மாறுவதில்லை. உரையை எடுத்தாண்டால் மட்டும் உரையாசிரியர், பதிப்பு, பக்கம் மூன்றும் வேண்டும்.

கேள்வி: என் மகன் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டே துணைநூற்பட்டியலைத் தயாரிக்கிறான். பட்டியல் பார்ப்பதற்கு மிக நேர்த்தியாக இருக்கிறது. நம்பலாமா? விக்கிப்பீடியாவைப் பார்க்கவே கூடாது என்று அவனுடைய ஆசிரியர் சொல்வது சரியா?
– தாயார், ஈசூன்

பதில்: அந்த நேர்த்திதான் ஆபத்து. இச்செயலிகள் உண்மையான ஆசிரியர் பெயரையும் உண்மையான ஆய்விதழின் பெயரையும் இணைத்து, எழுதப்படாத கட்டுரைக்குத் தலைப்பிட்டுவிடக்கூடும். 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி உருவாக்கிய, இல்லாத தீர்ப்புகளைச் சான்றாகக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. படித்துத் தேர்ந்த வழக்கறிஞர்களே ஏமாந்த இடத்தில் மாணவர் ஏமாறுவதில் வியப்பில்லை.

மகனிடம் கோபிக்க வேண்டாம், அவனோடு உட்கார்ந்து சரிபாருங்கள். ஆய்விதழ்க் கட்டுரைகள் பலவற்றுக்கு 10 என்ற எண்ணில் தொடங்கும் ‘டிஓஐ’ (DOI) என்ற நிலையான இணைய அடையாளம் இருக்கும். அதை அதற்குரிய doi.org தளத்தில் இட்டால் அதே தலைப்புள்ள கட்டுரை திறக்க வேண்டும். வேறு கட்டுரை திறந்தாலும் எதுவும் திறக்காவிட்டாலும் அந்தப் பதிவை நீக்கிவிடலாம். டிஓஐ இல்லாதவற்றுக்கு, ஆய்விதழின் அந்தத் தொகுதியைத் திறந்து குறிப்பிட்ட பக்கத்தில் அக்கட்டுரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விக்கிப்பீடியாவைப் பார்க்கலாம் என்பது என் கருத்து. பக்கத்தின் அடியில் உள்ள மேற்கோள்களைத் தொடர்ந்து சென்று, அந்த மூலங்களைப் படித்து, அவற்றையே பட்டியலில் சேர்க்கட்டும். ஆசிரியர் தடுப்பது அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுவதைத்தான் என்று நினைக்கிறேன். அதில் அவர் சொல்வது முற்றிலும் சரி.