பாட்டில் கூப்பிடலாம், செபத்தில் கூடாது

கேள்வி: கனடாவில் இருக்கும் என் தங்கச்சி மோர்மன் சபையில் சேர்ந்திருக்கிறாள். போனில் 'பரலோகப் பெற்றோர்' என்கிறாள். எங்கள் மடுமாதா மாதிரி அவர்களுக்கும் ஒரு தாய் இருக்கிறாவா? (வாசகி, ஒட்டுசுட்டான்)

இருக்கிறா, ஆனால் மடுமாதா மாதிரி இல்லை. மடுமாதாவாகிய மரியாள் இயேசுவைப் பெற்ற மனிதப் பெண். கத்தோலிக்கர் அவரிடம் பரிந்துபேசக் கேட்கிறார்கள். மோர்மன்கள் சொல்லும் தாய் பிதாவின் துணைவி. நாம் பூமிக்கு வருமுன் ஆவிகளாக அந்த இருவருக்கும் பிள்ளைகளாக இருந்தோம் என்பது அவர்கள் நம்பிக்கை. பிதாவுக்குத் தசையும் எலும்புமான உடல் உண்டு என்றும், மனிதர் மிக உயர்ந்த நிலையை அடைவது ஆலயச் சடங்கில் என்றென்றைக்குமாக இணைக்கப்பட்ட தம்பதியாகத்தான் என்றும் போதிக்கிறார்கள். அப்படியானால் பிதா மட்டும் தனியாக இருக்க முடியுமா? தாயை எடுத்துவிட்டால் கட்டடத்தில் ஒரு தூணே போய்விடும்.

கேள்வி: வேதாகமத்தில் இல்லாத இந்தத் தாய் எங்கிருந்து வந்தா? (வாசகர், வவுனியா)

ஒரு பெண்ணின் கவிதையில்தான் பளிச்சென்று தெரிகிறா. சபையை 1830இல் தொடங்கிய ஜோசப் ஸ்மித் 1844இல் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியரில் ஒருவரான எலைசா ஸ்னோ அடுத்த ஆண்டு எழுதிய கவிதை, விண்ணில் பெற்றோர் ஒற்றையாகவா இருப்பார்கள் என்று கேட்டு, எனக்கு அங்கே ஓர் அம்மா உண்டு என்று முடிவு சொல்கிறது. இன்றும் அது சபையின் பாட்டுப்புத்தகத்தில் இருக்கிறது. கடைசிச் சரணத்தைக் கவனியுங்கள்: 'அப்பா, அம்மா, உங்களைச் சந்திப்பேனா' என்று இருவரையும் நேரே விளிக்கிறது. 1909இல் சபைத் தலைமை வெளியிட்ட அறிக்கையும் 1995இன் குடும்பப் பிரகடனமும் தாயை உறுதிப்படுத்தின. ஆகவே இது யாரோ ஒரு பிரிவினரின் கற்பனையல்ல, சபையின் போதனையே.

கேள்வி: பிறகு ஏன் அவவைக் கும்பிடுவதில்லை? அங்குள்ள பெண்ணியவாதிகள் என்ன கேட்கிறார்கள்? (ஆசிரியை, கிளிநொச்சி)

மோர்மன் செபத்துக்கு நாலு படி: பரலோகப் பிதாவே என்று அழைப்பது, நன்றி சொல்வது, வேண்டுவது, இயேசுவின் நாமத்தில் ஆமென் என்று முடிப்பது. சிக்கல் முதல் படியில். 1991இல் தலைமைப்பீடத்தில் இருந்த கோர்டன் ஹிங்க்லி, இயேசு பிதாவைத் தவிர வேறு யாரிடமும் செபித்ததாக வேதத்தில் காணவில்லை, ஆகவே தாயிடம் செபிப்பது சரியல்ல என்றார். அதனால் தாய்க்கு மதிப்புக் குறையாது என்றும் சொன்னார். 1993 செப்டெம்பரில் அறிஞரும் பெண்ணியவாதிகளுமாக ஆறு பேர்மீது சபை ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. 1995இல் இந்தத் தாயைப் பற்றி எழுதிய ஜானிஸ் ஆல்ரெட் சபையிலிருந்து விலக்கப்பட்டார். பாடினால் பக்தி, அதே விளியைச் செபத்தில் வைத்தால் மீறல்! இந்த முரணைத்தான் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

தாயின் பெயரை யாரும் இழிவுபடுத்தாமல் பிதா மறைத்து வைத்திருக்கிறார் என்று சாதாரண சபையார் விளக்கம் சொல்வதுண்டு. 2011இல் சபையின் பல்கலைக்கழக இதழில் வந்த ஆய்வு, தலைவர்களின் பேச்சுகளைத் துருவிப் பார்த்தும் அப்படி மௌனம் காக்கச் சொன்ன கட்டளை எதையும் காணவில்லை.

எல்லாப் பெண்களும் ஒன்றையே கேட்கவில்லை. 1974இல் பொஸ்டன் பக்கம் தொடங்கிய 'எக்ஸ்போனன்ட் 2' இதழ்க்காரருக்குப் பேச இடம் வேண்டியிருந்தது. 2013இல் எழுந்த இயக்கம், ஆண்களுக்கு மட்டும் சபை தரும் ஆசாரியத்துவத்தையே, அதாவது சடங்குகளை நடத்தும் அதிகாரத்தையே கேட்டது: பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கிடைப்பது அவனுடைய அம்மாவுக்கு ஏன் இல்லை? அதை முன்னெடுத்த கேட் கெலி 2014இல் விலக்கப்பட்டார். இன்னும் சிலருக்குத் தாய் என்ற பட்டமே நெருடல். பிள்ளை இல்லாத பெண்ணுக்கு அதில் என்ன இருக்கிறது என்கிறார்கள். சபையில் முன்பு இருந்த பலதார மணத்தை நினைத்து, தாய் ஒருவரா பலரா என்று கேட்பவரும் உண்டு. இந்தக் கடைசிக் கேள்விதான் மிகக் கூர்மையானது என்பேன். சபை அதைத் தொடுவதில்லை. 2015இல் தாயைப் பற்றிச் சபையே ஒரு கட்டுரை வெளியிட்டது. 2022இல் டேல் ரென்லண்ட் என்ற அப்போஸ்தலர் (சபையின் உயர் தலைவர்களில் ஒருவர்), ஊகம் வேண்டாம் என்று மறுபடி கதவைச் சாத்தினார்.

கேள்வி: தங்கச்சி ஓகஸ்டில் வருகிறாள். மடுத் திருவிழாவுக்குக் கூட்டிப்போகலாமா? வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்? (முதற்கேள்வி கேட்ட வாசகி)

கூப்பிடுங்கள், வருவதற்குத் தடையில்லை. ஆனால் மாதாவிடம் செபிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தன் சபையின் தாயிடமே செபிக்காதவள். 'பிஷப்' என்று அவள் சொன்னால் மன்னார் ஆயரை நினைக்க வேண்டாம். அவர்களுடைய பிஷப் சம்பளமில்லாமல் ஒரு சபைக்குழுவைப் பார்க்கும், வேறு தொழில் செய்யும் குடும்பஸ்தர். வந்தவுடன் பிளேன்ரீயை நீட்டாதீர்கள். தேயிலையும் கோப்பியும் அவர்களுக்கு விலக்கு. மல்லித்தண்ணி கொடுக்கலாம். மாதத்தின் முதல் ஞாயிறு பெரும்பாலும் இரண்டு நேரச் சாப்பாட்டை விட்டு விரதம் இருப்பார்கள், அன்றைக்குக் கோழிக்கறி சமைத்துவிட்டுக் கோபிக்க வேண்டாம்.