சோக்கைத் திறந்தால் அணைந்துவிடும் களை இயந்திரம்

கேள்வி: என்னிடம் 7 குதிரைத்திறன் பெட்ரோல் பவர் வீடர் இருக்கிறது. மரவள்ளியில் களை எடுத்த பிறகு ஐந்து மாதம் கொட்டகையில் கிடந்தது. இப்போது சோக்கை மூடி வைத்தால்தான் ஓடுகிறது. திறந்தால் சத்தம் ஏறி ஏறி இறங்கி அணைந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. மெக்கானிக் ஒருமுறை கழுவிப் பார்த்தும் சரியாகவில்லை. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
– விவசாயி, தலைவாசல், சேலம் மாவட்டம்

பதில்: அவசரப்பட வேண்டாம். சோக் மூடியிருக்கும்போது காற்று குறைந்து, உறிஞ்சும் வேகம் கூடி, அதிகப் பெட்ரோல் இழுக்கப்படுகிறது. அப்படி இழுத்தால்தான் எஞ்சின் ஓடுகிறது என்றால், பெட்ரோல் வரும் வழி அடைத்திருக்க வேண்டும், அல்லது வேண்டாத இடத்தில் காற்று நுழைய வேண்டும். ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் தாக்குப்பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் என் சந்தேகம் முதலில் பைலட் ஜெட் என்ற சிறு துளையுள்ள துண்டின் மீதுதான். மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் கொடுப்பது அதுதான். கழுவுகிறவர்கள் பெரும்பாலும் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தையும் மெயின் ஜெட்டையும் துடைத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

எஞ்சின் ஆறிய பிறகு, டேங்க்கிலிருந்து பெட்ரோல் வருவதை நிறுத்தும் பெட்ரோல் காக்கை மூடுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. கிண்ணத்தைக் கழற்றி, அதிலுள்ள பெட்ரோலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டால் அது தண்ணீர். இப்போதைய பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். அப்படியிருந்தால் டேங்க்கையும் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள்.

கிண்ணத்துக்கு மேலே நடுத்தூணில் மெயின் ஜெட் இருக்கிறது. பைலட் ஜெட், இந்த வகைப் பல கார்புரேட்டர்களில், மேற்புறம், மெதுவான ஓட்டத்தைச் சரிசெய்யும் ஸ்லோ திருகுக்கு அடியில் சிறிய பிளாஸ்டிக் துண்டாகச் செருகப்பட்டிருக்கும். திருகை எடுக்கும் முன், அது முழுதும் உட்கார எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஜெட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் துளையில் வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஊசியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் அந்த ஜெட் போயிற்று. பழைய மின்கம்பியிலிருந்து ஒற்றைச் செம்பு இழை எடுத்து மெதுவாக விடுங்கள். பிறகு மிதவையையும் அதன் ஊசியையும் எடுத்து வைத்துவிட்டு, பஞ்சர் கடை காற்றைப் பிடித்து எல்லாத் துளைகளையும் ஊதுங்கள். ரப்பர் வளையங்களை கிளீனரில் ஊறவைத்தால் உப்பிவிடும்.

இதற்கும் மசியவில்லை என்றால் காற்றுக் கசிவைப் பாருங்கள். சோக்கில் ஓடவிட்டு, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள பேக்கிங் மீது ஓரிரு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள். சத்தம் மாறினால் பேக்கிங்தான் குற்றவாளி. அதை மட்டும் மாற்றினால் போதும். பேக்கிங் புதிதாகவும் துளைகள் எல்லாம் திறந்தும் இருக்க, இன்னும் அணைந்தால் மெக்கானிக் சொன்னபடி செய்யுங்கள். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் துளை அளவு வேறுபடும்.

சரியான பின், அடுத்த முறை கொட்டகையில் நிறுத்தும்போது பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, தானாக அணையும் வரை ஓடவிடுங்கள்.