பட்டை வந்தா மட்டும் போதாது: சீனி புரோப், லெக்டின் கேள்வி பதில்

(லெக்டின் எண்டா சீனியைப் பிடிக்கிற புரதம். சீனி புரோப் எண்டா அந்தப் புரதத்தத் தேடிப் பிடிக்க சாயம் கட்டின சீனி, பிடிச்ச புரதம் ஜெல்லுல பட்டையாத் தெரியும்.)

கல்முனைத் தங்கச்சி ஒராள்: சேர், பிலாக்கொட்டைச் சாற்றுக்கு கலக்டோஸ் புரோப் போட்டன், ஜெல்லுல பட்டை வந்திச்சு. மனோஸ் புரோப்புக்கும் வருது. எங்க பிழை விட்டன்?

பிழை இல்ல தங்கச்சி. பிலாக்கொட்டைக்குள்ள கலக்டோஸப் பிடிக்கிற ஜக்கலினும் கிடக்கு, மனோஸப் பிடிக்கிற ஆர்ட்டோகார்ப்பினும் கிடக்கு, சாறு எடுக்கக்குள்ள ரெண்டும் சேர்ந்துதான் வரும். ஆனா அதுக்குள்ள ரிப்போட் எழுதிராதீங்க. புரோப்புக்கு முதல் வெறும் கலக்டோஸ 200 மில்லிமோலர் அளவுல போட்டுப் பாருங்க, உண்மையான ஒட்டல் எண்டா கலக்டோஸ் புரோப்புட பட்டை மங்கணும், மறுகா இன்னொரு குழாய்ல மனோஸ் போடுங்க, அதுல அவ்வளவு மங்கக் கூடாது (ஜக்கலின் மனோஸையும் லேசாப் பிடிக்கும், அதால கொஞ்சம் மங்கினா பயப்படாதீங்க). யூவி வெளிச்சம் காட்டாத குழாய் ஒண்டும் கட்டாயம் வைக்கணும், புரோப் புரதத்தில நிரந்தரமா ஒட்டுறது அந்த வெளிச்சத்தாலதான். இந்த மூண்டும் இல்லாத பட்டைய நான் நம்பமாட்டன்.

களுவாஞ்சிகுடித் தம்பி: ஒற்றை மனோஸ்ல சாயம் கட்டி கொன்கனவலின் ஏ எண்ட லெக்டினுக்குப் போட்டன், கழுவினதும் எல்லாம் போயிட்டு.

போகத்தான் செய்யும் தம்பி. ஒரு மனோஸ் அந்தப் புரதத்தில ஒட்டுற பலம் கிட்டத்தட்ட 0.1 மில்லிமோலர் (இந்த எண் கூடக் கூட ஒட்டல் பலவீனம்), நல்ல அன்டிபொடி ஒண்டு நானோமோலர்ல ஒட்டும், அப்ப எத்தனை ஆயிரம் மடங்கு பலவீனம் எண்டு பாருங்க. ஒற்றைத் தூண்டில்ல பெரிய மீனை இழுக்கேலாது, ஒரு கயித்தில நிறையக் கொழுவணும். அதுதான் ஒரு பொலிமர்ல பல மனோஸக் கட்டுறது, இயற்கையும் இப்பிடித்தான், வாந்திபேதி நஞ்சிட பி பகுதி அஞ்சு கையால ஜிஎம்1 எண்ட சீனிக் கொழுப்பப் பிடிக்கும். இல்லாட்டி புரோப்பில டயசிரின் எண்ட பகுதி ஒண்டு வைங்க, 365 நானோமீட்டர் வெளிச்சம் பட்டா நைட்ரஜன் கழண்டு கார்பீன் வரும், அது பக்கத்தில இருக்கிற புரதத்தில நிரந்தரமா ஒட்டிரும், மறுகா எவ்வளவு கழுவினாலும் போகாது. கார்பீன் தண்ணியோடயும் சேர்ந்திரும், அதால விளைவு குறைவா வந்தா மனம் விடவேணாம்.

அவரே: இணைப்பை எந்தக் காபன்ல கட்டுறது?

ஒண்டாம் காபன்ல, அல்பாப் பக்கம். கொன்கனவலின் ஏ பிடிக்கிறது 3, 4, 6-ஆம் இடத்து ஹைட்ரொக்சில்கள, அதுல கை வைச்சா எல்லாம் முடிஞ்சுது. குளுக்கோஸுக்கும் கலக்டோஸுக்கும் 4-ஆம் இடம் மட்டும்தான் வித்தியாசம், அதுக்கே, குளுக்கோஸப் பிடிக்கிற கொன்கனவலின் ஏ கலக்டோஸ விட்டிரும்!

வாழைச்சேனை: பொஸ்பேட் பஃபர் சரியா?

கொன்கனவலின் ஏ-க்கு கல்சியமும் மங்கனீசும் வேணும், பொஸ்பேட் கல்சியத்தப் பிடிச்சிரும். ஹெப்பீஸ் பஃபர் எடுங்க.

அக்கரைப்பற்று: ஆமணக்கு விதையில இதே பரிசோதனை செய்யலாமா? எங்கட வளவில நிறையக் கிடக்கு.

வேணாம் மகள், தயவுசெஞ்சு வேணாம். அதுல இருக்கிற ரைசினும் கலக்டோஸப் பிடிக்கிற லெக்டின்தான், 1888-ல லெக்டின் ஆராய்ச்சி தொடங்கினதே ஆமணக்கில, ஆனா அது ஆளைக் கொல்லுற நஞ்சு, தூசாப் பறந்து மூச்சோட போனாலே ஆபத்து. உங்களுக்குக் கலக்டோஸ்தானே வேணும், கச்சான்லயும் அதப் பிடிக்கிற லெக்டின் கிடக்கு, அதுல தொடங்குங்க.