களர் நிலத்துக்குச் சுண்ணாம்பா, ஜிப்சமா?

கேள்வி: திருச்சி மாவட்டம் மணிகண்டம் வட்டாரத்தில் உள்ள எனது ஒன்றரை ஏக்கர் நெல் வயலின் மண் ஆய்வு அறிக்கையில் கார அமில நிலை (pH) 9.4, மின் கடத்துத்திறன் 0.8 என்று வந்துள்ளது. ஜிப்சம் இடச் சொல்கிறார்கள். ஜிப்சமும் ஓர் உப்புதானே? உப்புப் பூத்த நிலத்தில் மேலும் உப்பைக் கொட்டுவதைவிடச் சுண்ணாம்பு இடலாமா?

பதில்: சுண்ணாம்பு வேண்டாம், ஜிப்சம்தான் இட வேண்டும். உங்கள் ஐயம் நியாயமானதே என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உப்புகள் அனைத்தும் ஒரே குணம் உடையவை அல்ல. சமையல் உப்பு, வலிய அமிலமும் வலிய காரமும் சேர்ந்து உருவானது என்பதால் நீரில் கரைந்தாலும் நடுநிலையிலேயே இருக்கும். உங்கள் வயலில் இருக்கும் சோடியம் கார்பனேட்டோ, வலிய காரமான சோடியம் ஹைட்ராக்சைடும் வலுக்குறைந்த கார்பானிக் அமிலமும் சேர்ந்து உருவான உப்பு. ஆகவே அது நீரில் கரைந்ததும் காரத்தைப் போலவே நடந்துகொள்கிறது. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத்திறன் 4-க்கு மிகக் கீழே இருப்பதால் கரையும் உப்பு உங்கள் நிலத்தில் அதிகமில்லை. களித்துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியம்தான் சிக்கல்; இப்படிப்பட்ட நிலத்தையே களர் என்கிறோம். மழைக்குப் பின் வயலில் தேங்கும் நீர் நாள்கணக்கில் தெளியாமல் கலங்கியே நிற்பதையும், காய்ந்ததும் மேல்மண் கெட்டித் தட்டாக இறுகுவதையும் நீங்களே கவனித்திருப்பீர்கள். சோடியத்தால் களித்துகள்கள் பிரிந்து மண்துளைகளை அடைப்பதே இதற்குக் காரணம்.

அந்தச் சோடியத்தை வெளியேற்றக் கரையும் நிலையில் கால்சியம் வேண்டும். ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், நடுநிலையான உப்பு. லிட்டர் நீரில் 2 கிராமுக்குச் சற்று மேல் கரையும். அதன் கால்சியம் களித்துகளில் அமர, வெளியேறும் சோடியம் சல்பேட்டாக மாறி நீரோடு போய்விடும். சுண்ணாம்புக்கல் தூளோ அமிலம் இருந்தால்தான் கரையும், 9.4 நிலையில் அது கல்லாகவே கிடக்கும். நீற்றிய சுண்ணாம்பு தானே ஒரு காரம் என்பதால் நிலைமையை மோசமாக்கும். உழும்போது வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் கிளம்பினால், கால்சியம் கார்பனேட் அங்கே ஏற்கெனவே உண்டு என்று பொருள். அதன்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் நுரைப்பதை மண் ஆய்வுக்கூடத்தில் காட்டச் சொல்லிப் பாருங்கள். சுண்ணாம்பு இடும் பரிந்துரை நீலகிரி போன்ற அமில நிலங்களுக்கு உரியது.

அறிக்கையில் குறித்துள்ள ஜிப்சத் தேவையில் பாதியளவு நெல்லுக்குப் போதும். வயலைச் சிறு பாத்திகளாகப் பிரித்துச் சமன்செய்து, வரப்பை உயர்த்தி, வடிகால் வெட்டிய பிறகே ஜிப்சத்தைத் தூவுங்கள். நல்ல நீரை நான்கு விரற்கடைக்குக் குறையாமல் கட்டிச் சேறடித்து, ஓரிரு நாள் நிறுத்தி முழுவதும் வடித்துவிடுங்கள். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். பலர் ஜிப்சத்துக்குச் செலவழித்துவிட்டு வடிகாலை விட்டுவிடுகிறார்கள். வெளியேறிய சோடியம் வயலிலேயே தங்கினால் செலவு வீண்தான்.

அதன்பின் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். அது மட்கும்போது எழும் கரியமில வாயு நீரில் கார்பானிக் அமிலமாகி, கரையாமல் கிடந்த சுக்கானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கால்சியம் தரும். சுண்ணாம்பு உங்களுக்கு உதவக்கூடிய எளிய வழி இதுதான். களரில் துத்தநாகமும் பயிருக்குக் கிட்டாது; நடவின்போது ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவுங்கள். களரைத் தாங்கும் திருச்சி 3 நெல் இரகம் உங்களுக்குப் பொருந்தும்.

ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பாய்ச்சுவதாயின் அதையும் ஆய்வுக்குக் கொடுங்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட், அதாவது நீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தைவிட மிகுதியாக இருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு, லிட்டருக்கு 2.5 மில்லி சமானத்தை (meq) தாண்டினால், ஜிப்சக் கட்டிகளைச் சாக்கில் கட்டி வாய்க்காலில் இட்டு, அதன் வழியே நீரைப் பாய்ச்ச வேண்டும்.